இருபத்தெட்டு

மறுபடியும் இருபத்தெட்டு. கார் பந்தய விளையாட்டின் திரையில், இடது மூலையில், பச்சை எழுத்தில் அந்த எண் அசையாமல் நின்றது, கலாமணி அதை வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வந்தது வந்தாச்சு, எப்போ கிளம்புவே? முந்தாநாள் வரைக்கும் அந்த இடத்தில் நூற்றுப் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது, சில வளைவுகளில் நூற்றைந்துக்கு இறங்கி மறுபடி ஏறும், அவ்வளவுதான். ஒரு நொடிக்குத் திரையில் எத்தனை படம் மாறுகிறது என்கிற கணக்கு அது. நூற்றுக்கு மேலே ஓடினால் கார் சாலையில் வழுக்கிக்கொண்டு போகும், கைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. இருபத்தெட்டென்றால் கார் விட்டுவிட்டு வருகிறது, வளைவு தூரத்தில் இருக்கிறது, தூரத்திலேயே இருக்கிறது, திடீரென்று மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிறது, பிரேக்கை மிதிப்பதற்குள் புல்லில் இறங்கியாகிவிட்டது. காலையிலிருந்து பதினோரு தடவை புல்லில் இறங்கிவிட்டாள். மணி ஒன்று நாற்பது. மூன்று நாற்பத்தைந்துக்குள் ஒரு முழுச் சுற்று ஓட்டி நேரத்தை அனுப்ப வேண்டும், அனுப்பாதவருக்குப் பந்தயத்தில் இடமில்லை, நாலு மணிக்குப் பந்தயம். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு மூன்று பேர் ஒரே காரை இணையத்தில் மாற்றி மாற்றி ஓட்டும் பந்தயம். முதலில் ஓசூர் இர்ஃபான், அப்புறம் இவள், கடைசியில் கேப்டன் ஜெனோவா. பதினான்கு மாதமாக இவள் மாற்று ஆள்தான், யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூப்பிடுவார்கள், யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. போன வாரம்தான் ஜெனோவா தூத்துக்குடியிலிருந்து அழைத்து, அக்கா, இந்த வாட்டி ரெண்டாவது சீட் உங்களுக்கு, இதுல சரியா வந்துட்டா அந்த சீட் உங்களுக்கே, வரலேன்னா சேலத்துப் பையனுக்குக் கொடுத்துருவேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அந்த ஒளிவுமறைவில்லாத பேச்சு கலாமணிக்குப் பிடித்திருந்தது. இரண்டு வருஷமாக யாரும் அவளிடம் எதையும் ஒப்படைக்கவில்லை, ஒப்படைத்துவிட்டுச் சரியாக வராவிட்டால் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டவும் இல்லை.

சரி, பதறக்கூடாது. பதறினால் கோடு கோணும். பம்பு கம்பெனியில் பதினாறு வருஷம் வரைபடம் போட்டவள், ஒரு அளவு தப்பென்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பாள், ஒரே சமயத்தில் இரண்டைத் தொடமாட்டாள். இரண்டைத் தொட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. தையல் மிஷின் மேசையில்தான் லேப்டாப், அதன் விளிம்பில்தான் பழைய விளையாட்டு ஸ்டீயரிங்கை முடுக்கி வைத்திருக்கிறாள், காலடியில் அதன் பெடல்கள், பக்கத்தில் பால் கணக்கு நோட்டின் பின்பக்கம். அதில் எழுதிக்கொண்டே வந்தாள். மற்ற எல்லாவற்றையும் மூடியாயிற்று, இருபத்தெட்டு. அணைத்துப் போட்டாயிற்று, இருபத்தெட்டு. நிழல் வேண்டாம், மழை வேண்டாம், மரத்தில் இலைகூட வேண்டாம் என்று கிராஃபிக்ஸை ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் சாலை சாம்பல் பட்டையாகவும் ஜனங்கள் அட்டைத் துண்டுகளாகவும் ஆனபிறகு, இருபத்தெட்டு. பென்சிலைக் கீழே வைத்தாள். இதில்தான் ஏதோ இருக்கிறது. தெம்பில்லாமல் போயிருந்தால் சுமையைக் குறைத்ததும் கொஞ்சமாவது வேகம் ஏறியிருக்க வேண்டும். சுமை இருந்தாலும் அதே, இல்லாவிட்டாலும் அதே என்றால் இது முடியாமை இல்லை. யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். யார்? விளையாட்டின் உள்ளேயே வேகத்துக்கு வரம்பு போடும் இடம் ஒன்று உண்டு, அது திறந்தே கிடந்தது. திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் இடம், அவிழ்த்துத்தான் இருந்தது. எழுதினாள், கோடு போட்டாள். யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மனசு அதையே சொல்லிச் சொல்லி நூல் சிக்கின பாபினாக அங்கேயே சுற்றியது. கம்பெனியில் வரைபடப் பிரிவை மூடிய அன்றைக்கு மேனேஜர் எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தார், எதற்குக் கொடுக்கிறார் என்று தெரியாமல் இவள் இரண்டு எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டாவது பாதுஷாவை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சென்னியப்பன் கேட்டுவிட்டு, விடு, ஊட்ல இரு, என்ன இப்ப என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் இரு என்ற அந்தச் சொல் அவளை அன்றிலிருந்து உட்காரவிடவில்லை. கம்பெனி கணக்கு முடித்தபோது பழைய விலைக்குக் கொடுத்த லேப்டாப் இது, வரைபடத்துக்காக வாங்கின வலுவான சாதனம், அதில் ஒருநாள் மகள் விடுமுறைக்கு வந்தபோது இறக்கிவிட்டுப் போன விளையாட்டு. மகள் ஒரு வாரத்தில் சலித்துப் போனாள். அம்மாவுக்குச் சலிக்கவில்லை.

இல்லை, யாரும் பிடித்து வைக்கவில்லை, நான்தான் மெதுவாகிவிட்டேனோ. அந்த எண்ணம் எப்போதுமே பக்கவாட்டில்தான் வரும், நேராக வராது. நாற்பத்திரண்டு. ஜெனோவாவுக்கு இருபத்தி நாலு, இர்ஃபானுக்குப் பத்தொன்பது. அக்கா என்று கூப்பிடுகிறார்கள், முப்பது இருக்குமென்று நினைத்திருப்பார்கள், இவளும் திருத்தவில்லை. குரல் இளசு, எல்லோரும் சொல்வதுதான். கேமரா போடச் சொன்னபோதெல்லாம் இங்கே நெட் இழுக்கிறது என்று சொல்லிவிட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறாள், மழைக்காலத்தில் வலது மணிக்கட்டு கடுக்கிறது, இவையெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் தெரியாது. இன்றைக்கு ஓட்டமுடியவில்லை என்று சொன்னால், லேப்டாப் சரியில்லை என்றுதான் சொல்வாள், அவர்களும் நம்புவார்கள். அதுதான் பயம். நம்பிவிடுவார்கள், அவளும் நம்பிவிடுவாள், அப்புறம் லேப்டாப் சரியானாலும் திரும்பிப் போகமாட்டாள். தன்னை அவளுக்குத் தெரியாதா. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனதும் இப்படித்தான், ஒரு வாரம் பயிற்சி வண்டி ரிப்பேர் என்றார்கள், வண்டி சரியாகிப் பதினேழு வருஷம் ஆகிறது. அதனால் லேப்டாப்பைச் சரிசெய்தே ஆகவேண்டும், செய்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும், கை மெதுவென்றால் மெதுவென்று தெரியட்டும், நூற்றுப் பன்னிரண்டில் தெரியட்டும். இருபத்தெட்டின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ள மாட்டேன். மணி இரண்டே கால். அடுத்தது சூடு.

லேப்டாப்பைக் கவிழ்த்தாள். சூடானால் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும், எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் அதுதான். விசிறி ஓடும் சல்லடைத் துளைகளில் விரலை வைத்தாள், வெதுவெதுப்புக்கூட இல்லை. துளைகளில் நூல் பிசிறு உண்டா என்று பார்த்தாள், இல்லை. சந்தனம் கிந்தனம் உண்டா என்று பார்த்தாள், அதுவும் இல்லை. பார்க்கும்போதே எரிச்சல் மூண்டது. நேற்று ஆயுத பூஜை. இரண்டு தெரு தள்ளித்தான் சென்னியப்பனின் லேத்துப் பட்டறை. காலையில் இவள் பொரி கடலைக்கு வெல்லம் நுணுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் லேப்டாப்பைச் சார்ஜரும் பையுமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பூஜையில் வைத்துவிட்டார். பூஜையில் வைத்தால் மறுநாள் மறுபூஜை போடும் வரைக்கும் தொடக்கூடாது, ஒரு முழு நாள் பயிற்சி போயிற்று. வேண்டுமென்றே செய்தாரோ. ஒரு மாதத்துக்கு முன்னால் இவள் ஓட்டிக்கொண்டிருந்தபோது நிலைப்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதெதுக்கு என்று கேட்டவர் அவர். இவள் வளைவில் இருந்தாள், பதில் சொல்லவில்லை. வளைவு முடிந்து திரும்பியபோது ஆள் இல்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே சோறும் குழம்பும் மட்டுந்தான் பேசிக்கொள்கின்றன. சரி, பூஜையில் வைத்தார், தொலையட்டும். இன்றைக்குக் காலையில் எடுக்கப் போனபோது பார்த்தாள். லேத்துக்குச் சந்தனம், துளையிடும் மிஷினுக்குச் சந்தனம், மைக்ரோமீட்டருக்கு, ஸ்பேனருக்கு, எண்ணெய்க் குப்பிக்கு, ஒட்டடைக் குச்சிக்குக்கூடப் பொட்டு. லேப்டாப்பின் கறுப்பு மூடி மட்டும் துடைத்து விட்டமாதிரி வெறுமனே இருந்தது. ஒட்டடைக் குச்சிக்கு உண்டு, எனக்கு இல்லை. வைக்காமலே இருந்திருக்கலாம். கூட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்காரவைத்து இலை போடாமல் விட்டதுதான் அது. அங்கே ஒன்றும் கேட்கவில்லை, பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. வலிக்கட்டும், அதற்கு இப்போது நேரமில்லை.

ஜெனோவாவுக்கு எழுதினாள், மிஷினில் ஒரு கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடனே பதில் வந்தது. மூணு நாப்பத்தஞ்சு வரைக்கும்தான்க்கா, சேலத்துப் பையனை ரெடியா இருக்கச் சொல்லிருக்கேன், தப்பா நினைக்காதீங்க. தப்பாக நினைக்கவில்லை. இவள் கேப்டனாக இருந்தாலும் அதைத்தான் செய்வாள். ஆனால் அந்தச் சேலத்துப் பையன் இந்நேரம் குளித்துவிட்டுக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தபோது, முகம் தெரியாத அவன்மேல் பொல்லாத ஆத்திரம் வந்தது, பாவம், அவன் என்ன செய்வான். நோட்டுக்குத் திரும்பினாள். இனி மிச்சம் மின்சாரம். பேட்டரியில் ஓடினால் லேப்டாப் சிக்கனம் பிடிக்கும், அது தெரிந்ததே. ஆனால் சார்ஜர் குத்தித்தானே இருக்கிறது, பிளக் படமும் மூலையில் தெரிகிறது. படத்தின்மேல் அம்புக்குறியை வைத்தாள். பிளக் செருகப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை என்றது. அதில் ஒன்றும் புதிதில்லை, பேட்டரி உழைக்கவேண்டுமென்று அறுபது சதவீதத்துக்கு மேலே ஏற்றாதே என்று அவளே கட்டளை போட்டு வைத்திருக்கிறாள், ஒரு வருஷமாக அந்த வாசகம் அப்படியேதான் நிற்கிறது, காலண்டரில் கிழிக்காத தேதியை யார் பார்க்கிறார்கள். அடுத்த வரிக்குப் போகப் போனாள். பென்சில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். ஐம்பத்தொன்று. அறுபது இல்லை, ஐம்பத்தொன்று. அறுபதில் நிறுத்தச் சொன்னால் ஐம்பத்தொன்றில் ஏறிக்கொண்டல்லவா இருக்க வேண்டும்? ஏறவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பது ஆயிற்று. கலாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. சோறு வருகிறது, ஆனால் யார் கொடுத்த சோறு என்று தெரியாததால் லேப்டாப் அரை வயிறாகச் சாப்பிடுகிறது. வரைபடப் பிரிவில் ஒருமுறை வேறு சார்ஜரைக் குத்திய ஒரு லேப்டாப் இப்படித்தான் முரண்டு பிடித்தது, தன் சார்ஜர்தானா என்று அது கேட்டுத் தெரிந்துகொள்ளும், பதில் வராவிட்டால் வேகத்தைக் கொடுக்காது. ஆனால் இது அதனுடைய சார்ஜர்தானே. சுவரில் சுவிட்சை அணைத்து, லேப்டாப்பிலிருந்து பிளக்கை உருவினாள். சின்னக் குழல், அதன் நடுவே ஊசியாக ஒரு பின், அந்தப் பின்தான் கேள்விக்குப் பதில் சொல்வது. ஃபோன் வெளிச்சத்தை அடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழலைக் கண்ணருகே கொண்டுபோனாள். குழலுக்குள்ளே மஞ்சளாக என்னவோ காய்ந்து பின்னைச் சுற்றி அப்பிக்கிடந்தது. பூஞ்சையா? மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம். விளிம்பில் துளியூண்டு சிவப்பு.

பிளக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்தது கோபந்தான், நல்ல கோபம், பாவி மனுசன் என்று வாய்விட்டே சொன்னாள். அப்புறம் கோபத்தின் நடுவே ஒரு இடத்தில் மனசு தட்டுப்பட்டு நின்றது. சென்னியப்பன் மற்றவர்களைப்போல மிஷினின் நெற்றியில் பட்டை தீட்டுகிறவர் இல்லை. துளையிடும் ஊசிக்கு நுனியில் வைப்பார், லேத்தில் இரும்பைச் சீவும் உளிக்குச் சீவுகிற முனையில் வைப்பார், ஸ்பேனருக்கு வாயில், எண்ணெய்க் குப்பிக்கு மூக்கில். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அதற்காக அவரைக் கிண்டல் செய்வார்கள், உமக்கு மாப்பிள்ளைக்குக்கூடக் கைவிரலில்தான் பொட்டு வைக்கத் தோணும் என்பார்கள். வேலை நடக்கும் இடம் எதுவோ அங்கேதான் பூஜை என்பது அவர் கொள்கை, கல்யாணமான வருஷத்திலிருந்து பார்க்கிறாள். பார்த்தும் காலையில் மூடியில்தான் பொட்டைத் தேடினாள். அவர் அந்தக் கறுப்புப் பெட்டியையும் அதன் வயரையும் முன்னாலும் பின்னாலும் திருப்பித் திருப்பி, இதற்கு முனை எது என்று தேடியிருக்கிறார். கண்டுபிடித்திருக்கிறார். அந்தத் தேடலை நினைத்ததும் கலாமணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது, இரண்டும் எரிச்சலாகவும் இருந்தன, ஏனென்றால் மணி மூன்று, சாகசம் செய்துவிட்டு மனுசன் எங்கே போனார்.

மனுசன் சாப்பாட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும் சத்தம், குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம். உள்ளே வந்தவரிடம் அவள் பிளக்கை நீட்டினாள். இதுல பொட்டு வெச்சீங்ளா என்று கேட்டாள். அவர் குனிந்து பார்த்தார், முகம் சின்னதாகிப்போனது. கெட்டுப்போச்சா என்றார். இதெதுக்குன்னு கேட்டவரு எதுக்குப் பூஜைக்குத் தூக்கீட்டுப் போனீங்க என்று அவள் கேட்டாள், கேட்க நினைத்த தொனி வேறு, வந்த தொனி வேறு. அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குன்னுதான கேட்டேன், நீ சொல்லவே இல்ல," என்றார். "தெனமும் உக்காந்து பண்றே. தப்பாப் போனா திரும்பத் திரும்பப் பண்றே. பாத்துட்டுத்தான இருக்கறேன். இது வேலையில்லீன்னா பின்ன எது வேலை?"

கலாமணிக்கு அழக்கூட நேரமில்லை, மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அவர் பிளக்கை வாங்கிப் பார்த்து, பட்டறையில் மெல்லிசான கம்பி இருக்கிறது, நொடியில் சுரண்டிவிடலாம் என்று கிளம்பினார். வேண்டாம் என்றாள். கம்பி பட்டால் அந்தப் பின் வளையும், வளைந்தால் ஒடியும், ஒடிந்தால் இந்த ஊரில் இன்றைக்குத் திறந்திருக்கும் கடை எது. லைட்டைப் பிடிங்க, அது போதும் என்றாள். அவர் பிடித்தார். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, முனையை நகத்தால் நசுக்கி, பஞ்சைச் சுற்றி, ஊசி போடும்போது தடவும் ஸ்பிரிட்டில் தொட்டு, குழலுக்குள் விட்டாள். மணிக்கட்டு கடுத்தது, விடவில்லை. ஒரு சுற்று, வெளியே எடு, பஞ்சை மாற்று, இன்னொரு சுற்று. மஞ்சள் பஞ்சு ஒன்று, இரண்டு, மூன்று மேசையில் சேர்ந்தன. கொஞ்சம் இடது பக்கம் என்று அவர் சொன்னார், எனக்குத் தெரியும் என்றாள், அதற்கப்புறம் அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வெளிச்சம் பிடித்தார். ஆறாவது பஞ்சு வெள்ளையாக வந்தது. ஸ்பிரிட் காயட்டும் என்று ஐந்து நிமிஷம் பிளக்கை விசிறியடியில் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்த ஐந்து நிமிஷம் நகரவே மாட்டேனென்றது. மூன்று இருபத்தெட்டுக்குச் செருகினாள். மூலையில் பேட்டரி படத்தில் மின்னல் கோடு வந்தது. விளையாட்டைத் திறந்தாள். மரத்துக்கு இலையைத் திருப்பிக் கொடுத்தாள், ஜனங்களுக்கு முகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பதினாலு, நூற்றுப் பன்னிரண்டு. சென்னியப்பன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இது நல்லதா என்று கேட்டார். நல்லதுதான் என்றாள். சோறு அடுக்களையில் இருக்கிறது, போட்டுக்கோங்க என்றாள். அவர் போகாமல் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இனிமேல் சாக்கு இல்லை. இனி மெதுவென்றால் அவள்தான் மெது. முதல் சுற்றில் மூன்றாவது வளைவிலேயே அகலமாகப் போய்ப் புழுதி கிளப்பினாள், அந்தச் சுற்று செல்லாது. பக்கத்தில் முக்காலி கிறீச்சிட்டது. நாள் முழுக்க இருபத்தெட்டுக்குப் பழகின கால் முன்கூட்டியே பிரேக்கைத் தேடுகிறது, அதை விடு, வளைவு வரும்போது வரட்டும், வந்தபிறகு மிதி. இரண்டாவது சுற்று. நீண்ட நேர்ப்பாதை, நூறு மீட்டர் பலகை, இப்போது, கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே திரும்பியது, வழுக்கிக்கொண்டு போயிற்று, அடுத்தது, அதற்கடுத்தது, கை எங்கே முடிந்து சக்கரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கோட்டைத் தாண்டினாள், நேரத்தை அனுப்பினாள். மூன்று நாற்பத்தொன்று. அணியோடு பேசும் மைக்கைத் திறந்து மூச்சு விட்டாள், அப்போது பக்கத்திலிருந்து சென்னியப்பன், பட்டறையில் லேத்துச் சத்தத்தின் மேலே பேசிப் பழகின குரலில், "இதுல உன்ற வண்டி எது?" என்று கேட்டார்.

அக்கா, யாரு அது என்றாள் ஜெனோவா. என்ற வீட்டுக்காரரு என்றாள் கலாமணி. கல்யாணமாயிருச்சா உங்களுக்கு என்று இர்ஃபான் கேட்டான். இதோ வந்துவிட்டது, பதினான்கு மாதமாக நெட்டின்மேல் பழிபோட்டுத் தள்ளிவைத்த நேரம். வாய் வழக்கமான பொய்க்குத் தயாரானது. அந்தப் பொய்யும் ஒரு இருபத்தெட்டுதான் என்று தோன்றியது, தானே போட்டுக்கொண்ட வரம்பு.

"இருபது வருஷமாச்சு, தம்பி. பொண்ணு காலேஜ் படிக்கறா. எனக்கு நாப்பத்திரண்டு," என்றாள். "ஜெனோவா, சுத்து அனுப்பிச்சிருக்கேன். பாத்துட்டுச் சொல்லு."

பதில் வரும்வரை அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தாள், விட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. சென்னியப்பனும் என்னவோ புரிந்து அசையாமல் இருந்தார். அப்புறம் ஜெனோவாவின் குரல் வந்தது, எப்போதும்போல ஒளிவுமறைவில்லாத குரல். இர்ஃபானைவிட ஒரு செகண்டுல பத்துல ரெண்டு பங்கு சீக்கிரம்க்கா, ரெண்டாவது சீட் உங்களுக்குத்தான், டயரைத் தேய்க்காம ஓட்டுங்க, சேலத்துக்காரனை நான் பாத்துக்கறேன். அவ்வளவுதான் சொன்னாள். வயதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, இர்ஃபான் மட்டும், அப்போ அக்கான்னு கூப்பிடறதா வேண்டாமா என்று முனகினான், அக்கான்னே கூப்பிடு என்றாள் கலாமணி. நாலு மணிக்கு முப்பது கார்கள் கிளம்பின. நாலு நாற்பதுக்கு இர்ஃபான் ஒன்பதாவது இடத்தில் காரை ஓட்டுநர் மாறும் இடத்துக்கு உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். கலாமணி அதை வெளியே எடுத்தாள்.